பால் பூத்திலிருந்து நாலாவது வீடு

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள் சந்திரகலா. ஸ்டாண்டு போட நேரமில்லை. பின் சக்கரம் சுற்றி நிற்பதற்குள் அவள் கை அந்த வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டது.

திறந்தவர் சி ஷிப்டுக்காகப் பகலெல்லாம் தூங்கி எழுந்த முகத்தோடு நின்றார்.

"எங்கப்பா இங்க வந்தாரா சார்? நீலச் சட்டை போட்டிருப்பார். இடது நெத்தியில தழும்பு இருக்கும்."

வரவில்லை என்றார். காணாமல் போன அப்பாவை முன்பின் தெரியாத என் வீட்டில் வந்து எதற்குத் தேடுகிறாய் என்று அவர் கேட்க நினைத்து வாயைத் திறப்பதற்குள், அவள் சைக்கிளை நிமிர்த்தி ஏறிவிட்டாள்.

நெய்வேலிக் குடியிருப்பில் பதினெட்டாம் வட்டம் முடிந்தது. அடுத்தது பத்தொன்பது.

அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழரைக்குப் பெங்களூர் பஸ். நெய்வேலியிலிருந்து ராத்திரியில் பெங்களூருக்கு அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு தெய்வசிகாமணி அவளுடைய பையை எடுத்துக்கொண்டு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். ஜன்னலோரமாகத் துண்டு போட்டு வைக்கிறேன், நீ அப்பாவைப் பிடித்து வீட்டில் விட்டுவிட்டு வந்து சேர் என்று சொல்லியிருந்தார். நாளைக் காலை பெங்களூரில் நுழைவுத் தேர்வு. அதை எழுதாவிட்டால் இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. அடுத்த ஏப்ரலில் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

தேடும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் அம்மா போய்க் கூப்பிட்டால் அப்பா வர மாட்டார்.

*

எல்லாம் பலாப்பழ லாரியால் வந்தது.

போன வருஷம் வைகாசியில் காடாம்புலியூரில் ஒரு சிநேகிதரைப் பார்த்துவிட்டு அப்பா இசக்கிமுத்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். பழம் ஏற்றிய லாரி ஒன்று உரசித் தள்ளியது. சாலையோர மைல்கல்லில் நெற்றி மோதியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கை கால் நன்றாக இருந்தன. பேச்சு நன்றாக இருந்தது. சம்பளக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டார். சுரங்க ஸ்டோர்சில் லைட் டியூட்டி கொடுத்தார்கள். ஒரு நட்டு, ஒரு போல்ட் மாற்றிக் கொடுத்தார் என்று யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் வாசலில் நின்று, கொய்யா மரத்தையும் கிணற்றடிக் கல்லையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு மனைவி பட்டம்மாளிடம் மரியாதையாகச் சொன்னார்.

"வீடு நல்லாருக்கும்மா. எங்க வீடு மாதிரியே இருக்கு. நான் கெளம்புதேன். ஒங்க வீட்டுக்காரர் வர்ற நேரமாயிருச்சுல்லா."

பட்டம்மாள் சிரித்தாள். விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோதுதான் சிரிப்பு நின்றது.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே பயந்துபோய் நாலு பேர் கூடியிருப்பார்கள். இங்கே யாரும் பயப்படவில்லை. எல்லா வட்டமும் ஒரே வரைபடத்தில் கட்டியது. முனையில் பால் பூத், அதைத் தாண்டி இடது கைப் பக்கம் ஒரே மாதிரி மஞ்சள் குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி பச்சைக் கதவு. ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருகிறவர்கள் அடுத்த வட்டத்தில் போய்க் கதவைத் தட்டுவது வாரா வாரம் நடக்கிற கூத்து.

"இதுக்குப் போய் டாக்டர்கிட்ட ஓடுவாங்களா அண்ணி?" என்றார் தெய்வசிகாமணி. "நானே ஒரு தடவ பன்னண்டாம் வட்டத்துல நொழஞ்சு, சட்டையக் கழட்டி மாட்டிட்டு, லுங்கி எங்கடீன்னு கேட்டிருக்கேன். அந்தம்மா கரண்டியோட வந்துச்சு."

டாக்டர்களும் சிரித்தார்கள். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, டானிக் கொடுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். ஊரே அப்படிக் கட்டியிருந்ததால் ஒரு நோய் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிட்டது.

சந்திரகலா சிரிக்கவில்லை. அவள் சிதம்பரத்தில் விலங்கியல் படித்தவள். பழைய கல்லூரி நூலகத்தில் போய் உட்கார்ந்து தடித்தடியான புத்தகங்களைப் புரட்டினாள். ஒன்றில் அரைப் பக்கம் இருந்தது. தலையில் அடிபட்டவர்கள் சிலர், தாங்கள் இருக்கும் இடத்தைப் போலவே இன்னொரு இடம் இருப்பதாகவும், அதுதான் நிஜம் என்றும் சாதிப்பார்களாம். சிலருக்கு அது மனிதர்கள் மேலும் படருமாம். கட்டின மனைவியைப் பார்த்து, அவளைப் போலவே இருக்கும் வேறொருத்தி என்பார்களாம். எல்லோரையும் ஒன்றாக மறப்பதில்லை. ஒவ்வொருவராகப் போவார்கள். அரைப் பக்கத்தோடு அது முடிந்தது. எதனால், எப்படிச் சரியாகும், சரியாகுமா, ஒன்றும் இல்லை.

அந்த அரைப் பக்கத்துக்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அதைச் சொல்லிக் கொடுக்கிற இடத்துக்குள் நுழைய வேண்டும். அவள் எழுதிப் போட்டாள். ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பு விவரங்கள் தபாலில் வந்தன.

*

பத்தொன்பதாம் வட்டம். பால் பூத். நாலாவது வீடு. பூட்டியிருந்தது. எட்டிப் பார்த்தாள். வராந்தாவில் ஒரு பூனை மட்டும்.

இருபது. நாலாவது வீட்டில் யாரோ டேப்ரிக்கார்டர் போட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா இல்லை.

அவர் வீட்டு எண்ணைப் பார்த்துப் போவதில்லை என்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அவருக்குள்ளே ஒரு வழி பதிந்திருந்தது. பால் பூத், இடது கை, நாலாவது வீடு. எந்த வட்டத்தில் நுழைந்தாலும் அந்த வழி அவரை ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். இதுவரை அவர் பக்கத்து வட்டங்களைத் தாண்டிப் போனதில்லை. பதினைந்து நிமிஷத்தில் தேடி எடுத்துவிடுவாள். "அப்பா" என்று கூப்பிட்டால் போதும். திரும்பிப் பார்த்து முகம் மலர்வார். "வந்துட்டியா தாயி" என்பார். சைக்கிள் கேரியரில் ஏறிக்கொள்வார். வீட்டை அடையாளம் தெரியாது, பெண்டாட்டியை அடையாளம் தெரியாது, மகள் பின்னால் வந்துவிடுவார். அது ஒன்றுதான் மிச்சம். அம்மா கூப்பிட்டால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க போங்கம்மா, எம் மவ வருவா" என்று உட்கார்ந்துவிடுவார்.

இன்றைக்குப் பக்கத்து வட்டம் எதிலும் அவர் இல்லை.

வேகமாக மிதித்தாள். செயின் கிறீச்சிட்டது.

*

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஜவுளிக்கடை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மகள் கோடு போட்டு எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த படிப்பு விவரங்களை அவள் தினமும் பெருக்கும்போது பார்ப்பாள். ஒரு நாள் என்ன என்று கேட்டாள். சந்திரகலா சொன்னாள்.

நரம்பு அறிவியல் என்று ஒரு படிப்பு, பெங்களூரில். மூளையைத் திறந்து பார்க்கிற படிப்பு. விலங்கியல் படித்தவர்கள் சேரலாம். ஆனால் முதல் வகுப்பு வேண்டும். அவளுக்கு மார்க்கில் இரண்டு சதவீதம் குறைந்து இரண்டாம் வகுப்பு. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில்தான் அவளுடைய கடைசிப் பரீட்சை.

உளவியல் என்று இன்னொன்று. அதற்கு மார்க் கெடுபிடி இல்லை. ஆனால் பட்டப் படிப்பு மூன்று வருஷமும் உளவியலே படித்திருக்க வேண்டும். தவளை அறுத்தவர்கள் வர வேண்டாம்.

மனநலச் சமூகப்பணி என்று ஒன்று. எந்தப் பட்டமும் போதும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்து அன்று முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால், நோயாளிகளோடு ஓராண்டு களப்பணி செய்ததற்குச் சான்று கேட்டிருந்தார்கள். என் அப்பாவை ஒரு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அது சேருமா என்று எழுதிக் கேட்டாள். வீட்டு மனிதர்களைக் கவனிப்பது களப்பணி ஆகாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

கடைசியில் சமூகவியல். அது யாரையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அப்பாவின் தலையைப் பற்றிக் கவலை கிடையாது. தெய்வசிகாமணி அதைத்தான் சிபாரிசு செய்தார். "அதப் படிம்மா. எல்லா வீட்டையும் ஒரே அச்சுல கட்டச் சொன்ன ஆளு எவன்னு கண்டுபிடி. மொதல்ல நான் அவனப் பாக்கணும்."

நாலு படிப்பும் ஒரே மனிதரைத்தான் நாலு பக்கமாக நின்று பார்க்கின்றன. திறந்திருந்த ஒரு வாசல் அவள் தேடியது இல்லை; மற்ற மூன்றிலும் வேறு வேறு பூட்டு. எந்தப் பூட்டிலும் அவள் சாவி சேரவில்லை. ராத்திரியெல்லாம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த நாட்கள் உண்டு.

பெங்களூர்க்காரர்கள் மட்டும் ஒரு சந்து விட்டிருந்தார்கள். முதல் வகுப்பு இல்லாதவர்கள் நுழைவுத் தேர்வு எழுதலாம். தேறினால் மார்க்கைப் பார்க்க மாட்டார்கள். வயது இருபத்து மூன்றுக்குள். அவ்வளவுதான். ஆறு மாதம் அவள் பௌதிகமும் ரசாயனமும் மறுபடி படித்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிடுவார். "எம் மவ மூளைப் படிப்புக்குப் போறா" என்று தபால்காரரிடம், பேப்பர்காரரிடம், யார் வந்தாலும் சொல்வார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதுல எதப் படிச்சா நீ வீட்டுலருந்தே போய்ட்டு வரலாம்?"

எதுவுமில்லை என்றாள் சந்திரகலா. அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு அவள் அந்தத் தாளைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்குக் காலையில் எழுந்து புளிச்சோறு கிளறி இலையில் கட்டி வைத்தாள். மகள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். மத்தியானம் சந்திரகலா ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ ஒட்ட ஸ்டூடியோவுக்குப் போய்க் காத்துக் கிடந்து, வாங்கிக்கொண்டு திரும்பியபோது அம்மா வாசலில் நின்றாள். அப்பாவைக் காணோம் என்றாள்.

*

இருபத்தாறாம் வட்டம். இருட்டத் தொடங்கிவிட்டது. தெருவிளக்குகள் துடித்துத் துடித்து எரிய ஆரம்பித்தன. தூரத்தில் சுரங்கத்தின் கன்வேயர் சத்தம் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. இவ்வளவு தூரம் அவர் நடந்திருக்க முடியாது என்று அவள் மனசு சொன்னது. ஆனாலும் வேறு எங்கே தேடுவது?

பால் பூத். இடது கை. ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவது வீட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் காப்பி டம்ளர்.

சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். ஏழாகிவிட்டது. இங்கிருந்து பஸ் ஸ்டாண்டு நேர் ரோடு. அப்பாவைக் கேரியரில் வைத்து மிதித்தால் எட்டிவிடலாம். பஸ் ஸ்டாண்டிலேயே தெய்வசிகாமணியிடம் ஒப்படைத்துவிட்டு ஏறிவிடலாம்.

உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. சந்திரகலாவைப் பார்த்ததும் அவள் திடுக்கிடவில்லை.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றாள். "இப்பத்தான் சாப்ட்டுட்டு காப்பி குடிச்சிகினு இருக்காரு. எங்க வூட்டுக்காரு பி ஷிப்டு, ராத்திரி பத்துக்குத்தான் வருவாரு. பேச்சுத் தொணைக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

பேர் ஆதிலட்சுமி என்றாள். பக்கத்துக் கிராமத்துப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவள் கண் சந்திரகலாவின் தலையில் போய் நின்றது.

"ஏங்க, இன்னிக்கின்னு பாத்துத் தலையில பூ கூட வெச்சிக்கலையா?"

யாரோ என்று நினைத்துப் பேசுகிறாள் என்று சந்திரகலா அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவின் நீலச் சட்டையில் பொத்தான்களெல்லாம் சரியாகப் போட்டிருந்தன. தலை படிய வாரியிருந்தது. அதையும் கண் பார்த்ததே தவிர, மனசு நிற்கவில்லை. படியேறி அவர் எதிரே போய் நின்றாள்.

"அப்பா. வாங்கப்பா. நேரமாச்சு."

இசக்கிமுத்து நிமிர்ந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். கொய்யா மரத்தைப் பார்த்த அதே பார்வை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. நீங்க எந்த வட்டம்?"

அவர் யாரிடம் பேசுகிறார் என்று அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"நான் சந்திராப்பா."

"பேரும் அதேதானா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆதிலட்சுமியிடம் திரும்பினார். "பாத்தியாம்மா, சாடை, பேரு, எல்லாம் எம் மவ மாதிரியே. ஆனா அவ இப்ப இங்க இல்லம்மா. பெங்களூருக்குல்லா போயிருக்கா. நாளைக்கு அவளுக்குப் பரிச்ச."

அவள் அவருடைய கையைப் பிடித்தாள். அவர் பதறாமல், நோகாமல், தன் கையை விடுவித்துக்கொண்டார். வயசுப் பெண், தெரியாத மனிதன் கையைப் பிடிக்கலாமா என்கிற மாதிரி ஓரடி பின்னால் போனார்.

புத்தகத்தின் அரைப் பக்கம் அவள் கண்முன் வந்து நின்றது. ஒவ்வொருவராகப் போவார்கள்.

அவள் கெஞ்சிப் பார்த்தாள். சின்ன வயசில் அவர் தோளில் உட்கார்ந்து திருவதிகைத் தேர் பார்த்ததைச் சொன்னாள். அதெல்லாம் தனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது என்றார் அவர். தன் மகள் உங்களிடம் சொன்னாளா, நீங்கள் அவளுக்குச் சிநேகிதியா என்று கேட்டார். ஆதிலட்சுமி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு கதவோரமாகப் போய் நின்றாள். அவளுக்கும் ஏதோ புரிந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எங்கோ ஒரு வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்து வேறு நிகழ்ச்சி தொடங்கியது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

அவரை அங்கேயே விட்டுவிட்டு ஓடலாம். ஓடினால் பஸ் கிடைக்கும். ஆனால் இருட்டில் இவர் எழுந்து இன்னொரு வட்டம், அதற்கப்புறம் இன்னொரு வட்டம் என்று நடந்து சுரங்கத்துப் பக்கம் போய்விட்டால்? அம்மா வந்து கூப்பிட்டால் போக மாட்டார். இப்போது அவள் கூப்பிட்டாலும் வர மாட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலை மாற்றினாள். தெரியாத பெண் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"பட்டம்மாள் அம்மா உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் முகம் மலர்ந்தது.

"பட்டு சொன்னாளா? அத மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா." செருப்பைத் தேடி மாட்டினார். ஆதிலட்சுமிக்குக் கும்பிடு போட்டார். "வாறேன் தாயி" என்றார்.

தாயி என்று அவர் சொன்னது ஆதிலட்சுமியை.

*

சைக்கிளில் ஏற மறுத்துவிட்டார். அந்நியப் பெண் மிதிக்க, பின்னால் உட்கார்ந்து போவது முறையில்லை என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நாலடி தள்ளி அவர் பின்னால் வந்தார். இடைவெளி குறையாமல் பார்த்துக்கொண்டார். வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி வெளிச்சம்.

வழியெல்லாம் மகளைப் பற்றியே பேசினார். விலங்கியல் படித்தவள், இரண்டு சதவீதம்தான் குறைந்துபோனது, உளவியல்காரர்கள் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார்கள், சமூகப்பணிக்காரர்கள் சான்றிதழ் கேட்டார்கள் என்று காலண்டர் தாளில் இருந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவரிடம் யாரும் அதை விளக்கியதில்லை. விசிறிவிட்டுக்கொண்டே அவராகப் படித்திருக்கிறார்.

"அவ எதுக்கும்மா இவ்வளவு பாடு படுதான்னு எனக்குப் புரியல. யாருக்கோ தலையில அடியாம். அவியளச் சொஸ்தப்படுத்தணுமாம்."

யாருக்கு என்று அவள் கேட்டாள்.

"சொல்ல மாட்டேங்கா."

மெயின் ரோட்டுக்கு வந்தபோது பெங்களூர் பஸ் வந்தது. முகப்பில் பெயர்ப் பலகை எரிய, உள்ளே விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு, ஊர் வாசலான ஆர்ச் கேட் பக்கம் திரும்புவதற்காக வேகம் குறைத்தது. அவள் சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு எட்டு ஓடினாள். கையைத் தூக்கினாள். டிரைவர் பார்த்ததாகத் தெரியவில்லை. ஜன்னலோர சீட் ஒன்று காலியாகப் போனது.

அவளுக்குப் பின்னால் இசக்கிமுத்துவும் கையைத் தூக்கியிருந்தார்.

"இதுலதாம்மா எம் மவ போறா," என்றார். துண்டை விரித்து உயரத் தூக்கி ஆட்டினார். பஸ்ஸின் சிவப்பு விளக்கு மறைகிற வரைக்கும் ஆட்டினார். "நல்லபடியா எழுது தாயி."

ரோட்டில் விழுந்து கிடந்த சைக்கிளை அவள் எடுக்கக் குனிந்தாள். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. யாரோ பெண் அழுகிறாள் என்று அவர் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

*

வீட்டு கேட்டுக்கு வெளியே அவர் நின்றுவிட்டார். இது அந்த அம்மாவின் வீடல்லவா, பட்டு எங்கே என்றார். நல்லவேளையாகத் தெய்வசிகாமணி பையோடு வந்து சேர்ந்தார். கண்டக்டரிடம் கெஞ்சியதையும், வயிற்றுவலி வந்த மாதிரி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டதையும், பஸ்ஸிலிருந்தவர்கள் சத்தம் போட்டதையும் சொன்னார். சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். பையை வைத்துவிட்டு, இசக்கிமுத்துவின் தோளில் கைபோட்டுத் தன் வீட்டு வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

சந்திரகலா உள்ளே போய்ச் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்மா பையிலிருந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துத் தட்டில் வைத்தாள். பஸ் போய்விட்டதா என்று கேட்கவில்லை. எவ்வளவு தேடினாய் என்று கேட்கவில்லை. மற்ற நாட்களில் அப்பாவோடு அவள் படியேறும்போதே, "எந்த வட்டத்துல இருந்தாவ?" என்றுதான் அம்மாவின் முதல் கேள்வி வரும்.

இன்றைக்கு வேறு கேட்டாள்.

"அந்தப் பிள்ள சோறு போட்டுச்சா? இல்ல, வெறுங்காப்பியோட உக்கார வச்சுட்டாளா?"

சந்திரகலாவின் கை தட்டில் அப்படியே நின்றது. எந்த வட்டம், எந்த வீடு, யார் இருந்தது, அவள் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுக்குள்ள வந்துட்டீங்களா என்ற குரல் காதில் கேட்டது. சரியாகப் போட்டிருந்த பொத்தான்கள். வாரியிருந்த தலை. பூ வைத்துக்கொள்ளவில்லையா.

"எந்தப் பிள்ளம்மா?"

பட்டம்மாள் மகளைப் பார்க்கவில்லை. அடுப்பு மேடையை ஈரத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஆதிலச்சுமி. சந்தையில பழக்கம். ரெண்டு மணி பஸ்ல நாந்தான் இவியளக் கூட்டிட்டுப் போயி அங்க விட்டேன். நீ ஸ்டூடியோவுக்குப் போயிருந்த. ஒங்க வீட்டுல கொண்டுபோய் விடுதேன் வாங்கன்னேன், நம்பி வந்தாவ. ஒன்னப் பொண்ணு பாக்க வாராங்க, இவிய எதாவது பேசிருவாவ, எட்டு மணி வரைக்கும் வச்சுக்கோன்னு அவகிட்டச் சொன்னேன்."

பக்கத்து வராந்தாவில் இசக்கிமுத்து, பெங்களூர் பஸ் இந்நேரம் பண்ருட்டியைத் தாண்டியிருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாண்டியிருக்கும் என்றார் தெய்வசிகாமணி.

"போவாதன்னு சொல்லத்தான் நெனச்சேன். சோறு கட்டும்போது நெனச்சேன், துன்னூறு பூசும்போது நெனச்சேன். வாய் வரல." பட்டம்மாள் துணியை முறுக்கிப் பிழிந்தாள். "இந்த வீட்ட யாரு வீடோங்காவ. என்னிய யாரு பெண்டாட்டியோங்காவ. ஒன்ன ஒருத்தியத்தான் ஏட்டி, அவியளுக்கு இன்னும் அடையாளம் தெரியுது."